கடுக்காய்த் தண்ணியில் கழுவிய படம்

முதலில் நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால் பாதிப் பொய் ஆகிவிடும்.

கடுக்காயை உடைத்துத் தண்ணீரில் போட்டு, மண்சட்டியில் மூடி வைத்து மறந்துபோனால் என்ன ஆகும் தெரியுமா பிள்ளைகளே? மேலே பூனை மயிர் மாதிரி சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூக்கும். அதற்குக் கீழே வழவழவென்று ஒரு ஏடு. குச்சியால் ஏட்டை விலக்கினால் பழுப்புத் தண்ணீர், அதில் நெளிகிற புழு. பஸ்ஸில் பல்லாவரம் தாண்டும்போது தோல் ஊறுகிற தொட்டிப் பக்கமிருந்து காற்று அடிக்குமே, அதே வாடை. அந்தத் தண்ணியில்தான் உங்கள் அத்தையின், அதாவது என் அக்காவின், மூத்த மகனை நான் படமாகக் கழுவி எடுத்தேன்.

அப்போது நாங்கள் வடக்குப்பட்டில் இருந்தோம். இன்று கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடமெல்லாம் வேர்க்கடலைக் கொல்லை. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே பனி விழுகிற மலையில். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போனவர். பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறது, அவர் முகம் பார்க்கவில்லை. லீவு கிடைக்கவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மொட்டை போட நாள் குறித்தாயிற்று என்று எழுதினோம். முடி இறக்குவதற்குள் ஒரே ஒரு போட்டோ அனுப்பு, போதும் என்று பதில் எழுதினார். அக்கா அந்தக் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றால் முதலாளிக்கு அம்மை. கடைக் கதவில் வேப்பிலை சொருகிக் கிடந்தது. குறித்த நாளுக்கோ மூன்று வாரம்கூட இல்லை.

முதலாளி ஈரம் பட்டுவிட்டது என்று தூக்கிப் போட்ட போட்டோ காகிதம் கொஞ்சம் என்னிடம் இருந்தது, கறுப்புத் தாளில் சுற்றியபடி. லென்ஸ் இல்லாமலும் படம் பிடிக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். பிஸ்கெட் டின்னுக்குள் விளக்குக் கரி பூசி, ஒரு பக்கம் ஓட்டை போட்டு, அதன் மேல் தகரத் துண்டு ஒட்டி, தகரத்தில் ஊசியால் ஒரு பொத்தல். அதுதான் காமிரா. பொத்தலை மூட ஒரு காகித ஒட்டு. படம் விழ வெயிலில் வைத்து நிதானமாக ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் ஆகும். அதுவரை எதிரில் இருப்பது அசையக் கூடாது. அசைந்தால் புகை மாதிரி வரும்.

கழுவும் மருந்துக்கு எங்கே போவேன்? அதில் துணி வெளுக்கிற சோடா கலக்கிறது என்று மட்டும் தெரியும். மிச்சத்தை நானாக யோசித்தேன். கடுக்காய்தானே எழுதுகிற மசியைக் கறுப்பாக்குகிறது, காகிதத்தையும் கறுப்பாக்கட்டும் என்று ஊறப்போட்டேன். புதுக் கடுக்காய்த் தண்ணியில் காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. கோபத்தில் சட்டியைக் கொல்லைப் பக்கம் தள்ளிவிட்டு மறந்துபோனேன். பிறகு ஒருநாள் அந்தப் புழுத்த தண்ணியில் சோடாவைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பாகப் பொங்கியது, நாற்றம் மூக்கைப் பிடுங்கியது, காகிதத்தில் நான் பார்வைக்குப் பிடித்திருந்த எங்கள் கொட்டகையின் கூரை தெரிந்தது. ஏன் அழுகினால் வேலை செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொடும்போதெல்லாம் குமட்டும். விரல்கள் கருத்து, சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாடை. அம்மா எனக்கு இலையைத் தள்ளிப் போட்டாள்.

"இன்னாக்கா, உம் புள்ள வூட்டுலயே தோல் மண்டி தொறந்துட்டானா?" என்று பக்கத்து வீட்டம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

"அத்த ஏன் கேக்கற. மாடுகூட அந்தப் பக்கம் போவ மாட்டுது" என்றாள் அம்மா.

மொட்டைக்கு முந்தின நாள் காலையில் பிள்ளைக்குப் பாவாடை கட்டி, சவுரி வைத்துப் பூஜடை பின்னினார்கள். மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் அப்படி ஜோடிப்பது வழக்கம். அவன் ஒரு இடத்தில் நின்றால்தானே! டின்னைப் பார்த்தால் பிடுங்க வந்தான். அதனால் தூங்கட்டும் என்று காத்திருந்து, கயிற்றுக்கட்டிலை வெயிலுக்கு இழுத்து, பூஜடை தெரியத் தலையைத் திருப்பி வைத்து, பொத்தலை மூடிய காகித ஒட்டைத் திறந்தேன். அசையவே இல்லை. எனக்கு ஒரே பெருமை.

வறட்டி அடுக்குகிற அறைதான் இருட்டறை. டார்ச்சில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். காலில் கரப்பான் ஊர, மூச்சை அடக்கிக்கொண்டு சட்டிக்குள் கைவிட்டேன். முதலில் வருவது தலைகீழ்ப் படம், வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக. அதை இன்னொரு காகிதத்தின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, கதவைக் கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடி, மறுபடி கழுவினால் நேரான படம். கழுவினேன். ஒவ்வொரு பூவும் தெரிந்தது. சொட்டச் சொட்ட வெளியே எடுத்து ஓடினேன்.

அம்மா பார்த்தாள். முகம் கோணிப் போயிற்று.

"த்தூ! இன்னாடா இது, பொணத்தப் புடிச்சிகினு வந்து நிக்கிற?"

உங்களுக்கு இது புரியாது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் காமிரா வீட்டுக்கு வருவதே சாவுக்குத்தான். செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டுப் படம் பிடிப்பார்கள். சுவரில் கண் மூடியபடி ஒரு முகம், சுற்றிலும் பூ என்றால் அது இறந்தவர். நான் எடுத்ததும் அதேதான். கண் மூடிய முகம், சுற்றிலும் பூ.

அக்கா ஓடிப்போய்க் கட்டிலில் கிடந்த பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அம்மா அந்தப் படத்தை அடுப்பில் போட்டாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். "ஒண்டியா கீற மனுசன். இத்தப் பாத்தா அங்கியே வுயுந்துடுவான்" என்றாள்.

இன்னும் இரண்டே காகிதம். ஒன்று தலைகீழுக்கு, ஒன்று நேருக்கு.

"தம்பி, கண்ணத் தொறந்துகினு இவன் ஆடாம இருக்கற நேரம் ஒண்ணு கீது" என்றாள் அக்கா. "ஆனா நீ அங்க நிக்கக் கூடாது."

கொல்லையில் குளிக்கிற தட்டிக்குப் பின்னால் வெயில் விழுகிற இடத்தில் ஒரு கல்லின் மேல் டின்னை வைத்துக் கொடுத்தேன். ஒட்டைத் திறப்பது எப்படி, மூடுவது எப்படி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளே எட்டித் திறந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். குடிக்கும்போது பயல் கண்ணை விழித்துக்கொண்டு அசையாமல் கிடப்பான்.

மறுபடி வறட்டி அறை. மறுபடி அந்தச் சட்டி. இந்த முறை வாந்தியே வந்தது. வெளியே போய்க் கக்கிவிட்டு வந்து மிச்சத்தைக் கழுவினேன். கழுவினதை ராத்திரி முழுக்கக் கல்லுப்புக் கரைசலில் போட்டு வைத்தேன். அப்படிச் செய்தால்தான் வெளிச்சம் பட்டாலும் சீக்கிரம் கெடாது.

மறுநாள் வல்லக்கோட்டைக்குப் போய் வந்தோம். பயல் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, காது குத்தின வலியில் அழுதுகொண்டு திரும்பினான். பிறகுதான் படத்தை வெளியே எடுத்தேன். ஈரல் நிறம். ஆனாலும் எல்லாம் தெரிந்தது. பூஜடை தெரிந்தது, விழித்த கண் ஒன்று நம்மைப் பார்த்தது. அதற்கு மேலே அக்காவின் முகம். குனிந்து பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாள். முந்தானையால் மூடித்தான் இருந்தாள். ஆனால் என்ன செய்கிறாள் என்பது யாருக்கும் தெரியும்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "அய்ய! இத்தயா பட்டாளத்துக்கு அனுப்புவ? ஒரு கொட்டாயில இத்தினி ஆம்பளைங்க கீறாங்க. கைக்குக் கை மாத்தி இளிச்சிகினே பாப்பானுங்க. மானம் போவும்டி."

"மூஞ்சி அழகா வந்துகீதும்மா" என்றேன்.

"நீ பேசாத. கூடப் பொறந்தவன் பாக்கற படமாடா இது? கைய மொதல்ல கழுவிகினு வா."

அக்கா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு காகிதம் இல்லை. பிள்ளைக்கு முடியும் இல்லை. பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். தன் முகத்தையும், முந்தானையையும், தோளையும் வளைத்து வளைத்து வெட்டினாள். பிள்ளையின் தலை மட்டும் மிஞ்சியது. வெட்டின துண்டை அவளே அடுப்பில் போட்டாள். அது எரியும்போதும் நாறியது.

பிள்ளைகளே, அந்தச் சட்டியில் எத்தனையோ முறை கைவிட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கத்தரிக்கோல் சத்தத்தில் வந்த அருவருப்பு அந்தச் சட்டியில்கூட வந்ததில்லை. மாமா அவளைப் பார்த்தும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியபோது துண்டு சுருண்டுவிட்டது.

கறுப்புத் தாளில் சுற்றிக் கவரில் போடும்போது அம்மா மறுபடி எட்டிப் பார்த்தாள். பூஜடைக்குக் கீழே, பிள்ளையின் பிடரியைத் தாங்கியபடி, வளையல் போட்ட ஒரு கை வெட்டுப்படாமல் நின்றிருந்தது.

"அந்தக் கையயும் வெட்டி இருக்கலாம் இல்ல?" என்றாள் அம்மா.

"கைய வெட்டினா புள்ள வுயுந்துடும்" என்றாள் அக்கா. சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவரை ஒட்டினாள்.