மருதாயி கேட்டு வாங்கிய மூன்று சொற்கள்

ஏற்காட்டு மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் பழம் பறிப்பவள் மருதாயி. 1936-இல் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லையென்று ஒரு வருஷம் விட்டுவிட்டாள். அது எலுமிச்சை அளவாகி, மேல்தோல் உள்ளிழுத்துக்கொண்ட பிறகுதான் எஸ்டேட்டுக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டரிடம் காட்டினாள்.

அவர் தொட்டுப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் நின்ற எஸ்டேட் கணக்கரான ரைட்டரிடம் இங்கிலீஷில் பேசினார். ரைட்டர் வெளியே போய் அவள் புருஷன் சின்னனிடம் ஏதோ சொன்னார்.

"வெறும் வாயுக்கட்டி புள்ள. பத்துப் போட்டாக் கரைஞ்சுருமாம்" என்றான் சின்னன்.

"வாயுக்கட்டின்னா டாக்டரு ஏனுங்க அத எங்கிட்டச் சொல்லல?"

அவன் பத்துக்கு இலை பறிக்கக் கிளம்பினான். ஆனால் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்ன மூன்று சொற்களை மருதாயி காதில் பிடித்து வைத்திருந்தாள். மறந்துவிடாமலிருக்கப் பழம் பறிக்கும்போதெல்லாம் முணுமுணுத்தாள். மேலிக்கினன், பயாப்சி, ரேடியம்.

வாரக் கூலி வாங்கிய மறுநாள் சேலத்துக்குக் கிளம்பினாள். சின்னன் வழியை மறித்தான். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னாவறது?"

"இது என்ற ஒடம்பு. நாலு பேருக்கு முந்தி எனக்குத் தெரியோணும்."

அவனும் பின்னாலேயே பஸ் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டியைப் பார்த்ததும், "உன் புருஷனை வரச் சொல்லும்மா" என்றார்.

"அவருக்குக் கட்டி இல்லீங்க. எனக்குத்தானுங்க. எங்கிட்டச் சொல்லுங்க." மூன்று சொற்களையும் ஒப்பித்தாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மேலிக்னன்ட்னா கெட்ட கட்டி. சாதாக் கட்டி இருந்த இடத்திலேயே கிடக்கும். இது பக்கத்துச் சதையைத் துளைக்கும், ரத்தத்தோட போய் வேற இடத்திலயும் முளைக்கும். புற்றுநோய்ங்கறது இதைத்தான். உனக்கு அதுதானான்னு உறுதி பண்ணத்தான் பயாப்சி. துளி சதையை வெட்டி மைக்ராஸ்கோப்பில பார்ப்போம்."

"ரேடியமுங்க?"

"அது ஒரு உலோகம். அதை அடைச்ச ஊசிகளைச் சில நாள் சதையில குத்தி வைப்பாங்க. அதிலிருந்து வர்ற கதிர், மார்பை எடுக்கற ஆபரேஷனுக்கப்புறம் மிச்சமிருக்கிற புற்றைக் கருக்கும். நல்ல தோலும் கொஞ்சம் வேகும். மெட்ராசுக்குப் போகணும்."

"ஒட்டிக்குமுங்களா?"

"ஒட்டாது."

"குணமாயிருமுங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன்."

"அது போதுமுங்க. அறுத்துருங்க."

பயாப்சியில் புற்று என்றே வந்தது. சேலத்தில் மார்பை எடுத்தார்கள். மெட்ராசில் ஆறு நாள் ஊசிகளோடு கிடந்தாள். மலைக்குத் திரும்பியபோது இடது கை வீங்கி, தோளுக்கு மேல் எழவில்லை.

காபிக் காட்டில் பெண்கள் அவளுக்கென்று தனிச் சொம்பு வைத்திருந்தார்கள். மருதாயி அதைத் தள்ளிவிட்டுப் பொதுப் பானையில் எல்லோரும் குடிக்கும் குவளையால் மொண்டு குடித்தாள்.

"இது ஒட்டுவாரொட்டி இல்ல. கேட்டுட்டுத்தான் வந்தேன். புத்துநோய்னு வாயத் தொறந்து சொல்லுங்க. சொன்னா ஒண்ணும் வந்துராது."

யாரும் அசையவில்லை. கடைசியில் அவளோடு பழம் பறிக்கும் அத்தாயி எழுந்து வந்து அதே குவளையில் குடித்தாள்.

நாலாம் வருஷம் விலாவில் வலி. டாக்டரம்மா மறைக்கவில்லை. புற்று எலும்புக்குப் போய்விட்டது, இனி வலியைத்தான் அடக்கலாம். அந்தப் பருவம் முழுதும் மருதாயி ஒற்றைக் கையால் பழம் பறித்தாள். மாசியில் இறந்தாள்.

சாவுப் பதிவில் ரைட்டர் 'காய்ச்சல்' என்று எழுதப் போனார். சின்னன் மேஜைமேல் கையூன்றி நின்றான்.

"புத்துநோய்னு எழுதுங்க. மாரில வந்துதுன்னும் எழுதுங்க."

எழுதி முடிக்கும்வரை அவன் நகரவில்லை.