காய்ந்த மல்லாட்டையை ஈரம் என்று சொன்ன நாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை வந்து இறங்கினால், டிகிரி படித்த வியாபாரிகளும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஒரு பிடி காயை அள்ளி இடது காதருகே குலுக்குவேன். காய்ந்த காய் என்றால் பருப்பு உள்ளே கலகலவென்று ஆடும். ஈரக்காய் ஊமை. நான் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் விலை எழுதுவார்கள். சித்திரை மாதத்தில் வெயில் ஏறுவதற்குள் நூறு மூட்டை குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போவேன். டீக்கடையிலும் காதுக்குள் அந்தச் சத்தம் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

போன வருடம் கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவரின் காயைக் குலுக்கினேன். சத்தமே இல்லை. ஈரம் என்றேன். வியாபாரிகள் நகர்ந்துவிட்டார்கள்.

“அஞ்சு நாள் காய வச்சது பெரியவரே. ஒடைச்சிப் பாருங்க.”

“என் காதுக்கே சாட்சி கேக்கறியா?”

அவர் உடைத்தார். பருப்புத் தோல் சருகாக உதிர்ந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன், தரை சாய்ந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காதில் ஏதோ அடைப்பு, நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்று என்றேன் மனைவியிடம்.

“வாய் கோணிக்கினு கெடக்கு, எண்ணெய் கேக்கறாரு. ஆட்டோவுல ஏறுங்க மொதல்ல.”

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் போகும் சின்ன ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். காதுக்கும் அதிலிருந்துதான் ரத்தம் போகிறதாம்.

“நடை சரியாயிடும் ஐயா. இடது காது திரும்பக் கேக்கும்னு சொல்ல முடியாது,” என்றார் டாக்டர்.

எனக்கு அந்த மூட்டைகள்தான் கண்ணில் நின்றன. நான் ஈரம் என்ற காயை யார் கேட்பார்கள்? மறுநாள் படுக்கையிலிருந்தே கமிட்டி எடைக்காரருக்குப் போன் போட்டு, வலது காதில் வைத்துக்கொண்டேன்.

“நேத்து அந்தக் காய் நல்லா காஞ்ச காய்ப்பா. நான் சொன்னது தப்பு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு ஏலத்துல வை.”

முப்பது வருடத்தில் என்னிடமிருந்து அவர் கேட்காத வார்த்தை அது.

“நீங்கதான் பேசறீங்களா?” என்றார். பிறகு, “அவரு இன்னும் மூட்டையை ஏத்தல. இங்கதான் குந்தினு இருக்காரு” என்று போனைக் கொடுத்தார்.

“ஒடம்பு எப்டிங்க இருக்கு?” என்றார் அந்த விவசாயி. காயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஒரு காது போச்சுப்பா,” என்றேன். “நீ வெலைய எறக்காத.”