பானெட்டுக்கு மேலே இரண்டு விரல்

ஊரில் அவருக்கு அரை மில்லி என்று பெயர். தகர வேலைக்காரர். எந்த வேலையை முடித்தாலும் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கயோ ஒரு அரை மில்லி இடிக்குதே" என்பார். வேலை கொடுத்தவர், "போதும்யா, நல்லாத்தானே இருக்கு" என்று கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பிரித்துப் போட்டு மறுபடி ஆரம்பிப்பார். 'சரியா இருக்கு' என்று அவர் சொல்லிக் கேட்டவர் யாரும் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகச் சமைத்து வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கே, மேலே பார்த்து யோசித்து, "உப்பு ஒரு அரை மில்லி..." என்று இழுத்த மனுஷன். அந்த அம்மாள் அன்றோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

இத்தனை பாடுபட்டுச் செய்வது எதுவும் வெளியே தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரிக் கூரைக்குள் ஓடும் காற்றுக் குழாய், பேக்கரிச் சுவருக்குள் மறைந்து போகும் புகைபோக்கி, லாரியின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் டேங்க், இப்படித்தான் அவருக்கு வேலை வரும். அவருடைய அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வாள். "இத்தனை வருஷமா தட்டுற சத்தம் கேக்குது. நீ செஞ்ச ஒரு சாமானையாவது நான் கண்ணால பாத்திருக்கேனாடா?"

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பச்சை நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருந்தாள். பிரசவம் பார்க்க எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும், செருப்பைத் தேடுவதற்கு முன் கார் சாவியைத் தேடுவாள். தெருவில் இன்று மீசை முறுக்கிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இறக்கிவிட்டது அந்த வண்டிதான். எஞ்சின் மூச்சை நிறுத்தியபோது அவள் அதைத் தம்பியின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தி, "அவசரமில்லடா, பாத்துச் செய்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரை மில்லியிடம் போய் யாராவது 'அவசரமில்லை' என்று சொல்வார்களா? சொல்லிவிட்டாள். வருஷக்கணக்காக அந்த வண்டி பட்டறையின் மூலையிலேயே கிடந்தது. தரைத் தகட்டை மாற்றினார், பிடிக்காமல் மறுபடி மாற்றினார். கதவைத் தட்டி நேராக்கினார், அதையே பிறகு கோணல் என்றார். எஞ்சினை மூடும் பானெட் தலையில் இடிக்கிறது என்று என்றோ கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். அதன்மேல் அவர் மனைவி துணி காயப் போட்டாள். அடியில் பூனை குட்டி போட்டது.

போன மாதம் அக்கா வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும்போது பக்கத்திலிருந்த பெயிண்ட் டப்பா காலில் பட்டு உருண்டது. டப்பா அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"ஓரமெல்லாம் இருட்டிட்டு வருதுடா. நேரா இருக்கறது மட்டும்தான் தெரியுது. போகப் போக அதுவும் குறையுமாம். இனிமே ரோட்டுல வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு." மற்றவர்களுடைய நோயைச் சொல்லும் அதே நர்ஸ் குரலில்தான் சொன்னாள். "பையன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேங்கறான். அவன் ஊரோடயே இருந்துருவேன்னு நினைக்கிறேன்."

அரை மில்லி டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அதை ஓட்டிப் பாக்கணும். ரோட்டுல வேணாம். உன் பட்டறைக்குப் பின்னாடி குடோன் மைதானம் சும்மாதானே கிடக்கு? பகல்ல, நீயும் பக்கத்துல உக்காந்துக்க. முடியுமாடா?"

"முடியும்க்கா" என்றார். சொன்ன பிறகுதான் மூலையில் கிடந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

எஞ்சின் ஏற்கெனவே தயார். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய கார்புரேட்டர் தேய்ந்து போனதால் வேறொரு வண்டியின் கார்புரேட்டரைப் போட்டிருந்தார். அதன் வாய் பெரிது. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டிக் கொடுக்கும் பழைய டப்பா அதில் உட்காரவில்லை. கடையில் கேட்டால் அப்படி ஒரு சாமானே கிடையாது என்றார்கள். தானே செய்தால்தான் உண்டு.

"அது இல்லாமத்தான் ஒரு சுத்து சுத்தினா என்னவாம்?" என்றாள் மனைவி.

"அந்த மைதானத்துப் புழுதி மொத்தமும் உள்ள போயிரும். அதுக்கப்புறம் எஞ்சினைக் குப்பையிலதான் போடணும்."

முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்தார். பிறகு மெல்லிய தகரம். கடைசியில் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தார். கார்புரேட்டர் வாயில் ஒரு வளையம், அதிலிருந்து எழுந்து வளையும் ஒரு கழுத்து, கழுத்தின் முடிவில் ஃபில்டர் உட்காரும் உருண்டைக் கூடு, கூட்டிலிருந்து முன்பக்கம் குளிர்ந்த காற்றைத் தேடிப் போகும் ஒரு குழாய். வளைவு திடீரென்று திரும்பினால் காற்று திணறும் என்று கழுத்தை மட்டும் மூன்று தடவை செய்தார். பற்றவைத்த தழும்பை அரத்தால் ராவி, உள்ளே விரலைவிட்டுச் சுற்றிச் சுற்றித் தடவினார். அப்புறம் பாலீஷ் போட ஆரம்பித்துவிட்டார்.

"மூடி போட்டு மூடற சாமானுக்கு இவ்வளவு மினுக்கா?" என்றாள் மனைவி. "வீட்டுல கண்ணாடி ரசம் போயிக் கிடக்கு. அதைப் பாக்கக் காணோம்."

"அக்கா வண்டிடி."

அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து தேய்த்தாள். அவளுடைய மகளும் அந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவள்தானே.

அக்காவை மகன் கூட்டிப் போகும் நாளும் வந்தது. காலையில் அவரும் மனைவியுமாக எஞ்சினை ஓடவிட்டார்கள். இரண்டு இருமல், அப்புறம் சீரான உறுமல். புதிய கூடு காற்றை உறிஞ்சும் சத்தம் அவருக்கு அப்படிப் பிடித்துப்போனது. துணியை எடுத்துவிட்டு, பூனையைக் கெஞ்சி எழுப்பிவிட்டு, இருவருமாகப் பானெட்டைத் தூக்கிக் கீலில் மாட்டி மெதுவாக இறக்கினார்கள். டங் என்று எதிலோ இடித்து நின்றது.

கூட்டில்தான் இடித்தது. இரண்டு விரல் உயரம் அதிகம். அரை மில்லிக்கு உயிரை விடுகிற மனுஷன் பக்கவாட்டை அளந்தார், சாய்வை அளந்தார், குழாயின் வாயை அளந்தார். பானெட் சுவரோரம் கிடந்து கிடந்து, அது வண்டியின் ஒரு பாகம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மேலே திறந்த வெளிதானே என்று கூட்டைத் தாராளமாக எழுப்பிவிட்டார். மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அழுதுவிடுவார் போலிருந்தது.

பானெட்டைத் திரும்பக் கழற்றினார். ஆக்ஸா பிளேடைக் கையில் எடுத்தார். கூட்டின் கழுத்தை அறுத்துக் குறைத்து மறுபடி பற்றவைக்க வேண்டும். இன்று முடியாது. நாளை அக்கா இங்கே இருக்க மாட்டாள். கழுத்தின் மேல் பிளேடை வைத்துவிட்டு இழுக்க மனமில்லாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் அரவம். அக்கா தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. ஓடுதுல்ல?"

"ஓடுதுக்கா. ஆனா பானெட் மூடல. அளவு தப்பிப்போச்சு. உன்கிட்ட முடியும்னு சொல்லிட்டு..." பிளேடைக் கீழே வைத்தார். "என்னால முடிக்க முடியலக்கா."

"பானெட் இல்லாட்டி ஓடாதா?"

"ஓடும். ஆனா அது ஒரு முழு வண்டியா? அரைகுறையா உன்கிட்ட எப்படிக் குடுக்கறது?"

"அடப் போடா" என்றாள் அக்கா. "பல்லு முளைக்கலைன்னு எந்தப் பிள்ளையையாவது வேணாம்னு சொல்லியிருக்கேனா? சாவியை எடு."

மகன் தயங்கினான். "மாமா, பத்திரம்" என்றான். அரை மில்லி கையை ஹேண்ட்பிரேக் மேலேயே வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மைதானம் காலியாகக் கிடந்தது. நடுவெயில். அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவினாள். கிளட்சை அவள் கால் மறக்கவில்லை. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பியது.

பாதி மைதானம் போனதும் அக்கா கண்ணைச் சுருக்கினாள்.

"நேரா முன்னாடி ஏதோ பளபளன்னு மின்னுதே, அது என்னடா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பானெட் இருந்திருக்க வேண்டிய மட்டத்துக்கு மேலே, அந்த இரண்டு விரல் உயரம் வெயிலில் தகதகவென்று நின்றது.

"நான் செஞ்சதுதான்க்கா. காத்து போற கூடு."

"அதுவா?" அக்கா வண்டியை மெல்ல நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தலையை இப்படி அப்படித் திருப்பி, தனக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அதைக் கொண்டுவந்து வைத்து நிதானமாகப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குடா. கடைசியில நீ செஞ்ச ஒண்ணைப் பாத்துட்டேன்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுக்க வேண்டும். அதனால் துடைக்கவில்லை.

"நல்லா உக்காந்திருக்கா? எங்கயாவது இடிக்குதா?" என்று கேட்டாள் அக்கா. தம்பியின் பழைய பாட்டை அவரிடமே பாடிக் காட்டும் குறும்பு குரலில் இருந்தது.

"இல்லக்கா" என்றார் அரை மில்லி. "சரியா இருக்கு."

மைதானத்து ஓரத்திலிருந்து மகன் கையசைத்துக் கூப்பிட்டான். ஓரத்தில் இருந்ததால் அக்காவுக்கு அது தெரியவில்லை. அரை மில்லிக்குத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை.

"இன்னொரு சுத்து போலாமா?" என்றாள் அக்கா.

"போலாம்க்கா" என்றார்.