ஆவன எந்த செக்‌ஷன்?

'ஆவன செய்யப்படும்' என்ற வரி கண்ணில் பட்டதும் ஞானசௌந்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மேலதிகாரி சாம்பசிவனின் மேசைக்குப் போவார்.

"சார், இந்த ஆவனங்கறவர் எந்த செக்‌ஷன்? நான் சேர்ந்த நாள்லேர்ந்து எல்லா வேலையும் அவர்தான் பண்றார். ஒருநாள்கூட லஞ்ச்ல பார்த்ததில்லையே?"

அழிந்துவரும் உயிரினங்களை மீட்க அரசு தீட்டும் திட்டங்களைப் படித்துத் திருத்துவது ஞானசௌந்தரியின் வேலை. பக்கத்து நாற்காலி என்னுடையது. யார் செய்வது, எப்போது செய்வது என்று கேட்டுக் கேட்டே எங்கள் உயிரை வாங்குவார். சேலையூரில் அவர் வீட்டிலும் இதே சட்டம்தான். "பால் வாங்கணும்" என்று கணவர் ஐசக் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. "வாங்கணும்னா? யார் வாங்கணும்?" பாவம், ஐசக்தான் வாங்குவார்.

போன கோடைக்குச் சற்று முன்னால், பீர்க்கன்கரணை ஏரியின் பாலாமைகளுக்கான திட்டம் வந்தது. தண்ணீர் வற்றினால் அவை சேற்றில் புதைந்து உறங்கும். தூர்வாரும் இயந்திரமும் அப்போதுதான் இறங்கும். 'தூர்வாருமுன் இன்ன அலுவலர் ஆமைகளை எடுத்து வேறு நீர்நிலையில் விட வேண்டும்' என்று எழுதிச் சேர்த்தார் ஞானசௌந்தரி. இத்தனைக்கும் ஆமையை அவர் தொட்டதே இல்லை. பல்லிக்கே ஐசக்கைக் கூப்பிடுகிறவர்.

அந்த வரி மேசை மேசையாக ஏறி இறங்கியது. ஏறிய இடத்திலெல்லாம் ஓர் அலுவலர் தப்பித்துக்கொண்டார். கடைசியில் வழவழப்பான அட்டையில் பூநாரைப் படத்துடன் திட்டம் அச்சாகி வந்தபோது, 'ஆமைகளைப் பாதுகாக்க ஆவன செய்யப்படும்' என்றிருந்தது.

"அழகா வந்திருக்கில்லம்மா?" என்றார் சாம்பசிவன். எனக்கே கோபம் வந்தது. ஞானசௌந்தரி கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை.

மறுவாரம், கத்திரி வெயிலில், ஏரிக்குள் ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. லீவு போட்டுவிட்டு, குளியலறை வாளியோடு அவர் அதற்கு முன்னால் போய் நின்றார். துணைக்கு வந்த நான் கரையிலேயே நின்றுவிட்டேன்.

"யார்க்கா நீ? வழி வுடு, வேலை கீது!" என்று கத்தினார் ஓட்டுநர்.

"ஆவன" என்றார் ஞானசௌந்தரி. "கொஞ்சம் நிறுத்துப்பா, செஞ்சிட்டு வந்துடறேன்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். கண்களை இறுக மூடிக்கொண்டு சேற்றுக்குள் கையை விட்டார்.