பரிசு மேடையில் மூடியிருந்த வாய்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு காரியம் ஏன் நடந்தது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் சரி, அரசாங்கச் சுற்றறிக்கையானாலும் சரி, துருவித் துருவிக் கேட்டால்தான் நிம்மதி. எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள் என்று வீட்டில் ஏசுவார்கள். ஏசட்டும்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லாததால் அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு ஓடத் தெரியாது. விசில் ஊதத் தெரியும், கத்தத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை மாகாணப் போட்டி வரை கொண்டுபோனேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவள் தானாகப் போனாள். அவள் குடியிருக்கும் தொழிலாளர் லயத்திலிருந்து பாடசாலைக்கு நான்கு கிலோமீட்டர் மேட்டு வழி. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க ஆளில்லை. பஸ்ஸை நம்பாமல் ஓடி ஓடியே பழகிவிட்டாள். வயது பதினேழு. பாடசாலைப் போட்டிகளில் ஓட அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

பதுளை மைதானத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அவள் முதலாவதாக வந்தபோது நான் விசிலை ஊதித் தள்ளி ஒரு நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பரிசு மேடையில் ஏறினாள். பதக்கம் போட்டார்கள். ஒலிபெருக்கியில் தேசிய கீதத்தைச் சிங்களத்தில் ஒலிக்கவிட்டார்கள். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, கொடியைப் பார்த்தபடி விறைப்பாக நின்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளும் பாடினார்கள். இவள் மட்டும் வாய் திறக்கவில்லை.

அழுதுகொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. யாரோ ஒருவருடைய போனின் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் காலை பேஸ்புக்கில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இந்த நாட்டுச் சோறு இனிக்கிறது, பாட்டு மட்டும் கசக்கிறதா என்று ஒரு கூட்டம். புரட்சிப் பெண், வீரத் தமிழச்சி என்று கடல் கடந்து இன்னொரு கூட்டம். அடப் பாவிகளா, ஒருத்தராவது அவளைக் கேட்டீர்களா? அவளிடம் போன்கூடக் கிடையாது.

அன்று மத்தியானமே போட்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று நாளில் விளக்கக் கடிதத்தோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பதுளைக்கு வர வேண்டும். விளக்கம் சரியில்லையென்றால் கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டிக்கான பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

எங்கள் பாடசாலை அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் நிழலைக் கண்டாலும் இரண்டடி தள்ளி நடப்பவர். "உதெல்லாம் எங்களுக்கு வேண்டாத வேலை டீச்சர். பிள்ளைக்குத் தொண்டை நோவெண்டு எழுதிக் குடுங்கோ, விஷயம் முடிஞ்சுது" என்றார். அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் நீட்டினேன். வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"தொண்டை நல்லாத்தான் இருந்துச்சுங்க டீச்சர்."

"பின்ன ஏன்டி பாடல?"

தரையைப் பார்த்தாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டில் விளையாட்டு வீரர்கள் கீதம் ஒலிக்கும்போது முட்டி போட்டதையும் கையை உயர்த்தியதையும் போனில் தேடிப் பார்த்தேன். இவள் எங்கேயாவது அதைப் பார்த்துவிட்டு வந்தாளா? பிறகு நம் மைதானத்தில் எடுத்த காணொளியை எடுத்து வைத்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டு மற்றவர்களுடைய வாய்களைப் பார்க்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேடிக்கை. விருந்தினர் வரிசையில் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் போனில் எதையோ தள்ளுகிறார். ஒருவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டு மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். ஓரத்தில் ஒரு வயதான பயிற்றுநர் மட்டும் கண் கலங்கப் பாடுகிறார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. மற்றபடி பாதிப் பேர் பாடவில்லை. அவர்களையெல்லாம் யாரும் படம்பிடித்துப் போடவில்லை.

மூலையில் நானும் இருந்தேன். என் உதடுகள் அழகாக அசைந்துகொண்டிருந்தன. ஆனால் நான் பாடவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் பாடசாலை விட்டதும் அவளோடு லயத்துக்கு ஏறினேன். அவள் அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். மகள் ஓடுவதைப் பார்க்க, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்திருந்தவர். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் கேள்வியை ஆரம்பித்தேன்.

"வெளிநாட்டுல முட்டி போட்டாங்களே, அதப் பாத்துட்டுத்தான் இப்படிச் செஞ்சியா?"

"அது யாருங்க டீச்சர்?"

"சிங்களம் புடிக்கலியா?"

"சிங்களத்துல எனக்குத் தொண்ணூத்தியொரு மார்க்குங்க."

"பின்ன என்னதான்டி கோவம்?"

"கோவம் ஒண்ணும் இல்லீங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. சிங்களத்துல போட்டா வாய மட்டும் அசைங்கன்னு. ஆறாம் வகுப்புலேருந்து அசைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு ஜெயிச்சது நெசமுங்க. அங்க நின்னுக்கிட்டுப் பொய்யா வாயசைக்க மனசு வரல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

உண்மைதான். எங்கள் பாடசாலையில் தினமும் தமிழில்தான் தேசிய கீதம் பாடுவோம். மெட்டு ஒன்று, சொற்கள் மட்டும் வேறு. பல வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் எங்கள் பிள்ளைகள் பழக்கத்தில் தமிழில் சத்தமாகப் பாடிவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு பார்வைக்கு நான் பயந்துபோனேன். மெட்டு ஒன்றாக இருப்பதால் வாயசைத்தால் யாருக்கும் தெரியாது என்று கண்டுபிடித்தது நான்தான். அதை ஏதோ பெரிய கெட்டித்தனமாக நினைத்து வருடா வருடம் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேறு கொடுத்தேன். வெட்கக்கேடு!

"சரி, சிங்களந்தான் தெரியுதே. அதுலயே பாடியிருக்கலாமே?" என்றேன், குரல் இறங்கி.

"பாடியிருப்பேன் டீச்சர். ஆனா அம்மா முன்னுக்கு நின்னுச்சு. மொத மொத வந்திருக்கு. அம்மாவுக்கு வெளங்குற மாதிரி பாடணும்னு ஆசையா இருந்துச்சு. தமிழ்ல பாடினா நீங்க ஏசுவீங்க. அதான் பேசாம நின்னுட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாயத் தொறந்தாலும் குத்தம், மூடுனாலும் குத்தம்னா, இந்தப் புள்ள என்னதாங்க டீச்சர் செய்யிறது?" தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய கடிதத்தைக் கிழித்தேன். தமிழில் பாடிப் பழகிய பிள்ளைகளுக்கு வாயசைக்கச் சொல்லிக் கொடுத்தது நான், அவள் அதைச் செய்ய மறுத்தாள், தவறு என்னுடையது என்று புதிதாக எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அதிபர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், உங்களுக்கும் சேர்த்தெல்லோ குழி தோண்டுறியள்" என்றார். ஆனாலும் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அந்த மனிதரை அன்றைக்குக் கும்பிடலாம் போல இருந்தது.

பதுளை அலுவலகத்தில் அந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். சிங்களவர், தடித்த உருவம், முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம். மேசையில் தேசியப் போட்டிக்கான பட்டியல் இருந்தது. அதன்மேல் ஒரு சிவப்புப் பேனா. என் கண் அந்தப் பேனாவை விட்டு அகலவில்லை.

"அப்படியென்றால் தமிழில் முழுவதும் தெரியுமா?" என்று சிங்களத்தில் அவளைக் கேட்டார்.

"தெரியும் சேர்." அவளும் சிங்களத்தில்தான் சொன்னாள்.

"எங்கே, பாடு பார்ப்போம்." நாற்காலியில் சாய்ந்துகொண்டு தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

அவள் மேடையில் நின்ற அதே விறைப்போடு நின்று ஆரம்பித்தாள். முதல் வரி முடிந்ததும் நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் அவரைப் பார்த்துத் தெளிவான சிங்களத்தில் சொன்னாள்:

"சேர், இது தேசிய கீதம். எழும்பி நிற்க வேண்டும்."

தொலைந்தோம் என்று நினைத்தேன். பிள்ளையின் கடைசி வருடத்துக்கு நான் தோண்டிய குழியில் அவளே மண்ணைப் போட்டு மூடிவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அதை மேசையில் வைத்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழும்பி நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். பக்கத்து மேசை எழுதுவினைஞர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். எனக்குச் சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. கிடைத்த சுருதியில் நானும் சத்தமாகப் பாடினேன். அழுகையும் கூட வந்து தொலைத்தது.

முடிந்தபிறகும் அவர் உட்காரவில்லை. நின்றபடியே பட்டியலை இழுத்தார். சிவப்புப் பேனாவைத் தள்ளிவிட்டு நீலப் பேனாவைத் தேடி எடுத்து, அவள் பெயருக்கு நேரே சரி என்று அடையாளம் போட்டார்.

"ஆயிரத்து ஐந்நூறு மட்டும்தானே?"

"எண்ணூறும் சேர்" என்றாள் அவள். "அதில் இரண்டாவதாக வந்தேன். அதற்கும் போடுங்கள்."