மாமா கேட்ட மீன்பாட்டு

என் மாமா கேட்டது மீனின் பாட்டு அல்ல. என் செலோ வாத்தியத்தின் பிழை! அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை... இதுதான் என் குற்றம். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறதே, அது அதைவிடப் பெரிய குற்றம்.

நீங்கள் சிரிக்காமல் கேளுங்கள். முடிந்தால்!

மாமா என் அம்மாவின் தம்பி. தோணி எஞ்சின்களைத் திருத்தித் திருத்தியே காது மந்தமாகிப்போன மனிதர். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து, அங்கேயே குடியிருந்து, அறுபது வயது தாண்டியும் ஒருமுறைகூட மீன் பாடிக் கேட்டதில்லை. பூரணை நிலவில் எங்கள் வாவி மீன்கள் பாடும் என்பார்கள்; அன்று தோணியில் போய், துடுப்பை நீருக்குள் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். மாமா ஒரு பூரணையும் தவறவிடமாட்டார். ஆனால் ஒன்றும் கேட்காது.

அவருடைய கூட்டாளி றிஸ்வி, காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர். இதைச் சொல்லிச் சொல்லியே பகிடி பண்ணுவார். "அண்ணன், உங்கட காதுக்குள்ள எஞ்சின் ஓடுது. மீன் பாவம், எவ்வளவுக்கெண்டுதான் கத்தும்?"

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடிந்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடும். நான் கண்டிருக்கிறேன்.

இனி என் கைகளைப் பற்றி... எங்கள் தேவாலய வாத்தியக் குழுவில் நான்தான் செலோ. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு தந்திகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, இடக்கை விரல் முன்கூட்டியே அங்கே போய்க் காத்திருக்க வேண்டும்; வில் பின்னால் மெல்ல வந்து இறங்க வேண்டும். தந்தி மாறியதே கேட்பவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் அழகு. எனக்கு வராத அழகு!

என் சுண்டுவிரல் மகா சோம்பேறி. அது மூன்றாம் தந்திக்குப் போய்ச் சேருமுன் வில் வந்துவிடும். நான் பதறுவேன். வலக்கை அளவுக்கு மிஞ்சித் தாழும். வில் மூன்றாம் தந்தியைத் தாண்டி, ஆகத் தடித்த நான்காம் தந்தியில் போய் உரசும். ம்ம்ம்ம்... என்று ஒரு முனகல்!

தேவாலய மண்டபக் கூரையைத் திருத்திக்கொண்டிருந்ததால், ஒரு பூரணை மாலை எங்கள் ஒத்திகை வாவிக்கரை இறங்குதுறையில் நடந்தது. செலோவைத் தாங்கும் அடிக்கம்பியைத் துறைப் பலகையில் ஊன்றிக்கொண்டு வாசித்தேன். மாமா தோணியைத் துறையைத் தாங்கும் மரக்காலில் கட்டிவிட்டு, வழமைபோல் துடுப்பில் காது வைத்திருந்தார். துடுப்பு அந்த மரக்காலில்தான் சாய்ந்திருந்தது.

தந்தி மாறும் அந்த இடம் வந்தது. என் சுண்டுவிரல் வழமைபோல் பிந்தியது. ம்ம்ம்ம்...

"பாடுது! புள்ள, மீன் பாடுது!"

மாமா எழுந்து நின்ற வேகத்தில் தோணி கவிழப் பார்த்தது. அவர் கண்ணால் நீர் ஓடியது. "கேட்டிட்டன்கா! என்ட காதால கேட்டிட்டன்!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் தந்தி, பலகை, மரக்கால், துடுப்பு, மாமாவின் காது! சொல்லத்தான் வாயெடுத்தேன்... சத்தியமாக! ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் என் வாயிலிருந்து வந்தது வேறு: "எப்பிடிப் பாடிச்சு மாமா?"

"ம்ம்ம்ம்..." என்று பாடிக் காட்டினார். என் நான்காம் தந்தியின் சுரம், அப்படியே!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மாமா கண்டவர் எல்லாரிடமும் சொன்னார். றிஸ்வி மட்டும் நம்பவில்லை. "ஆரோட தோணி மோட்டரையோ கேட்டுப்போட்டு மீன் எண்டுறீங்க அண்ணன்." மாமாவுக்குச் சுருக்கென்று பட்டது. "எஞ்சினையும் மீனையும் எனக்குப் பிரிச்சறியத் தெரியாதா? வாற பூரணைக்கு வந்து நீயே கேள்!" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "நீயும் வா புள்ள. உன்ட வாத்தியத்தக் கேட்டுத்தான் அது பாடிச்சு."

ஐயோ! நான் அதற்குள் திருந்திவிட்டிருந்தேனே! வெட்கத்தில் தினமும் பயிற்சி செய்திருந்தேன். இட முழங்கையைச் சற்று உயர்த்தியதும் சுண்டுவிரல் சொன்னபடி கேட்டது. வில் வருமுன் அது போய்க் காத்திருந்தது. தந்தி மாறும் இடம் எனக்கே தெரியவில்லை. எவ்வளவு துள்ளினேன் தெரியுமா! துள்ளி முடிந்த பிறகுதான் உறைத்தது... மாமாவின் மீன் செத்துவிட்டது.

சுத்தமாக வாசித்தால், கூட்டாளி முன் மாமா பொய்யர். உண்மையைச் சொன்னால், அவர் வாழ்நாள் ஆசை பகிடியாகிவிடும். நான் என்ன செய்தேன்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் பழைய பிழையைப் பயிற்சி செய்தேன்!

வேண்டுமென்று பிழை விடுவது லேசான வேலை அல்ல. திருந்திய சுண்டுவிரல் பிந்த மறுத்தது. சரி, அது தன் இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வலக்கையை மட்டும் மயிரிழை தாழ்த்தினேன். சுண்டுவிரல் பிடித்த சுரமும் தடித்த தந்தியின் சுரமும் ஒன்றேதான். ஒன்று மேல் ஸ்தாயியில், மற்றது கீழ் ஸ்தாயியில். இரண்டும் கலந்து எழுந்து, மெல்லத் தேய்ந்தன. அடடா! பழைய முனகல் எங்கே, இது எங்கே!

பூரணை மாலை றிஸ்வி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நம்பாத முகத்தோடு தோணியில் இறங்கி, அதே மரக்காலில் சாய்ந்திருந்த துடுப்பில் காது வைத்தார். நான் துறைப் பலகையிலிருந்து வாசித்தேன். அந்த இடத்தில் கையைத் தாழ்த்தினேன்.

"அல்லாவே... பாடுது அண்ணன்!"

"சொன்னன்தானே! சொன்னன்தானே! தா இஞ்ச, மறுகா என்ட முறை!"

இரண்டு கிழவர்களும் ஒரு துடுப்புக்காக இழுபறிப்பட்டார்கள். நான் செலோவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். என் வாழ்க்கையில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அனுபவித்ததில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலமும் பொய்... மாமா இப்போது தனியே வாவிக்குப் போவதில்லை. நான் வாசிக்கும் நாளில் மட்டும்தான் துடுப்பை ஊன்றுகிறார். உண்மையான மீன் என்றாவது அவருக்காகப் பாடியிருக்கலாம். அதை அவரிடமிருந்து பறித்தவள் நான்.

றிஸ்வி வந்த அன்று கரையேறும்போது மாமா என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "போன முறையவிட இந்த முறை வடிவாப் பாடிச்சு, என்ன புள்ள?"

என் முகமெல்லாம் பூரித்தது. "நன்றி மாமா" என்று சொல்லிவிட இருந்தேன்!

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.