மைசூருக்குப் போன மஞ்சள் காய்ச்சல் மருந்து

காலை 7.15. பெங்களூர் சிட்டி ஸ்டேஷனிலிருந்து மைசூர் வண்டி புறப்பட்டபோது என் மடியில் அகன்ற வாய் வைத்த ஒரு தெர்மாஸ் குடுவை இருந்தது. அதற்குள் ஐஸ். ஐஸுக்கு நடுவே என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். யுத்தம் முடிந்த மறு வருஷம், ஏப்ரல் மாதம். எனக்கு நர்சு வேலை. எதிரே உட்கார்ந்திருந்தவர் டாக்டர் சம்பத். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்று எழுத எங்கள் பக்கத்தில் அதிகாரம் பெற்றிருந்தவர் அவர்தான். மேல்கோட்டைப் பூர்வீகம்; வீட்டில் தமிழ்.

ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களிடம் இந்தச் சான்றைக் கேட்டார்கள். அந்தக் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. அதைப் பரப்பக்கூடிய கொசு மட்டும் நம் தண்ணீர்த் தொட்டியெல்லாம் இருக்கிறது. அங்கே போய் வருகிற ஒருவர் உடம்பில் அது ஏறி வந்தால் போதும் என்று சர்க்கார் பயந்தது. மைசூரில் பதினொரு பேர் ஊசிக்குக் காத்திருந்தார்கள். ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. ஆகவே டாக்டரே மருந்தோடு போவதென்று ஏற்பாடு.

"சிஸ்டர், குடுவையை ஆட்டாம வெச்சுக்கோங்கோ. உள்ள இருக்கறது உயிருள்ள கிருமி. உலர்த்தி, பலம் குறைச்சுத் தூங்கப் பண்ணியிருக்கா. சூடு பட்டா செத்துப்போயிடும்" என்றார் டாக்டர்.

"செத்தால் நிறம் மாறுமா?"

"மாறாது. பார்த்தா ஒண்ணும் தெரியாது. நாம ஊசியும் போட்டுடுவோம், சான்றும் கொடுத்துடுவோம். காப்புதான் இருக்காது."

எத்தனையோ மருந்தைக் கையாண்டிருக்கிறேன். உயிரைத் தூங்க வைத்து மடியில் சுமப்பது அதுவே முதல் தடவை. ராமநகரத்துப் பாறைகள் ஜன்னலில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கோபுர உயரம். அவற்றைப் பார்த்தேன், குடுவையைப் பார்த்தேன். எது பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

9.50. மத்தூர். பெங்களூரிலிருந்து சுமார் ஐம்பது மைல். வடைக்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினார்கள், ஒன்று அரையணா. வண்டி கிளம்பவில்லை. முந்தின இரவுக் கோடை மழையில் அப்பால் ஒரு புளியமரம் தண்டவாளத்தின் மேல் சாய்ந்துவிட்டதாம். வெட்டி எடுக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு டாக்டர் மூடியைத் திறந்தார். ஐஸில் பாதி தண்ணீராகியிருந்தது. கட்டி இருக்கும்வரை பயமில்லை என்றார். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது புளியங்கொட்டை அளவில் நாலைந்து துண்டுகள் மிதந்தன. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். மத்தூரில் ஐஸ் ஏது என்று அவர் கையை விரித்தார்.

காத்திருந்தவர்களில் கிரேஸ் என்ற உபாத்தியாயினியின் கடிதம் டாக்டரின் சட்டைப் பையில் இருந்தது. கணவர் நைரோபியில் ரயில்வே குமாஸ்தா. யுத்தத்துக்கு முன் போனவர். கப்பல் நின்றுபோனதால் திரும்ப முடியவில்லை. மகளுக்கு இப்போது ஏழு வயது. தகப்பனைப் பார்த்ததே இல்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்று செல்லும். அவர்கள் கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட இருந்தது அன்றிலிருந்து பதினோராம் நாள். அடுத்த மருந்து எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் ஏறி இறங்கி ஐஸ் கேட்டுக்கொண்டே போனேன். கடைசிப் பெட்டியில் மரத்தூள் அப்பிய கோணிமூட்டை ஒன்றின் மேல் ஒருவர் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பெயர் முனியப்பன். பெங்களூர் கண்டோன்மென்ட்டில், தண்டு மார்க்கெட்டில், ஐஸ்கிரீம் போடுகிறவர். மைசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"எம்மா, இது கல்யாண வீட்டுப் பொருளாச்சே. அளந்துதான் எடுத்தாந்திருக்கேன்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொண்ணு அப்பனைப் பாத்ததே இல்லியா?"

"இல்லை."

அவர் மூட்டையை அவிழ்த்தார். எங்கள் பெட்டிக்கே வந்து குடுவைக்குள் எட்டிப் பார்த்தார்.

"டாக்டரய்யா, வெறும் ஐஸு இந்த வெயிலுக்கு நிக்காது. கல்லுப்பு சேத்துப் போட்டா சில்லுனு ஏறும். உப்பு நம்மகிட்டயே இருக்கு. போடட்டுங்களா?"

"போடுங்கோ, இதுக்குக் குளிர் எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான்" என்றார் டாக்டர். உடைத்த ஐஸும் உப்பும் மாறி மாறி இறங்கின. டாக்டர் உஷ்ணமானியைச் செருகினார். பாதரசம் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போவதை நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முனியப்பன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. தினமும் செய்கிற வேலை அவருக்கு.

பணம் கொடுக்கப் போனபோது, "கல்யாண வீட்ல ரெண்டு பேருக்குக் கம்மியாப் போவும், அவ்ளோதானே" என்று சொல்லி இறங்கிவிட்டார். ஒரு மணி சுமாருக்கு மரத்தை அகற்றி வண்டியை விட்டார்கள். வழி நெடுக, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைநிறைய ஐஸோடு வந்து போனார்.

பிற்பகல் 3.10. மைசூர். எண்பத்தாறு மைல் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டியில் ஆறணா. பதினொரு பேரும் காலையிலிருந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சாப்பிடக்கூடப் போகவில்லை. மருந்தைக் கரைத்துவிட்டால் அரைமணிக்குள் போட்டு முடிக்க வேண்டும். எல்லாரும் சட்டைக்கையைச் சுருட்டிய பிறகே டாக்டர் குழாயின் கழுத்தை ஒடித்தார். மருந்து கரைக்கும் சுத்தமான உப்புநீர் பட்டதும் அடியில் இருந்த சிட்டிகைத் தூள் கரைந்து மறைந்தது.

கிரேஸ் ஒல்லியான பெண். ஊசி ஏறும்போது கண்ணை மூடவில்லை. மகள் லில்லி என்னிடம், "இது அப்பாவுக்கும் போட்டிருக்காங்களா, சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"போட்டிருப்பாங்க, கண்ணு."

"அப்பச் சரி" என்று கையை நீட்டினாள்.

இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தது. டாக்டர் ஒவ்வொரு பெயராக எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார். கிரேஸ் மை காயும்வரை சான்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாலை வண்டியில் திரும்பினோம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரிப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனது. ஆற்றில் வெயில் சாய்ந்திருந்தது. பெங்களூரில் என் வேலை தினமும் படுக்கையில் கிடப்பவர்களோடு. நோய் வந்த பிறகுதான் அவர்களை எனக்குத் தெரியும். வராத நோய்க்காக இத்தனை பேர் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டதை அன்றுதான் பார்த்தேன். டாக்டர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நைரோபியிலிருந்து கிரேஸ் எழுதினாள். ஊசி போட்ட ஆறாம் நாள் பிள்ளைக்கு இலேசாகக் காய்ச்சல் வந்து தானே போயிற்றாம். மொம்பாசா துறைமுகத்தில் ஓர் அதிகாரி அந்தச் சான்றுகளை ஒரு கண் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தாராம். தடுப்புக் கம்பிக்கு அப்பால், வெயிலில், மெலிந்த ஒருவர் நின்றிருந்தார். லில்லி நேரே அவரிடம் போய், "நீங்கதான் எங்க அப்பாவா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தலைத் தொப்பியைக் கழற்றி, வெயிலுக்கு அவள் தலையில் வைத்தாராம்.